ஞோன் அப்பா

ஏப்ரல் 3

பெரூவாரு வந்து சேர்ந்தோம். உடம்பெல்லாம் செம்மண். குளித்த தண்ணீர் ரசம் மாதிரி ஓடியது, அதுவும் அரை வாளிதான் கொடுத்தார்கள்.

இது பெனின் நாட்டின் வடக்குப் பக்கம். கம்யூன் என்கிறார்கள். நம் ஊர்ப் பேரூராட்சி மாதிரி மேயர், கவுன்சிலர், ஓடு போட்ட அலுவலகம், அதன் முன்னால் ஒரு கொடிக்கம்பம் எல்லாம் உண்டு. ஆனால் பரப்பு ரொம்பப் பெரிது. எங்கள் போர் போடும் ரிக் வண்டியில் ஒரு முனையில் காலையில் கிளம்பினால் மறுமுனைக்குப் பொழுது சாய்ந்துதான் சேரலாம். வழி நெடுகப் பருத்திக் காடு, சேனைக்கிழங்குக்கு அண்ணன் மாதிரி ஒரு கிழங்குக் காடு, நடுநடுவே ஷியா என்று ஒரு மரம். பார்க்க நம் இலுப்பை போலவே இருக்கிறது. அதன் கொட்டையிலும் எண்ணெய் எடுக்கிறார்கள்.

எங்கள் வேலை, இங்கே பதினோரு கிராமங்களுக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுக் கைப்பம்பு நட்டுக் கொடுப்பது. மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும். ரிக் வண்டி இந்த மண்ணில் புதைந்தால் அப்புறம் தீபாவளிக்குத்தான் எடுக்கலாம்.

மாரப்பன் கூட இருக்கிறான். என் மனைவி மயிலாத்தாவின் அண்ணன் மகன். மிஷின் ஓட்டுவான், சமைப்பான், இரண்டையும் ஒரே சத்தத்தோடு செய்வான். மொழிபெயர்க்க சாபி என்று ஒருவரை அலுவலகத்தில் கொடுத்தார்கள். நாற்பது வயது இருக்கும். முன்பு வேறொரு திருச்செங்கோட்டு ரிக்கில் ஐந்து வருஷம் வேலை பார்த்தாராம். வண்டியை விட்டு இறங்கியதும், "வாங்கண்ணா, பிரயாணமெல்லாம் சௌக்கியமுங்களா?" என்றார். மாரப்பன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டான்.

இந்தப் பாரிபா மக்களிடம் ஒரு வழக்கம். பிறந்த வரிசைதான் பெயர். மூத்த மகன் ஓரு, இரண்டாமவன் சாபி, மூன்றாமவன் பியோ. பெண் என்றால் முதலாவது ஞோன், அடுத்தது போனா, அதற்கடுத்தது பாக்கே. சந்தையில் "சாபி" என்று கூப்பிட்டால் ஏழு பேர் திரும்புவார்களாம். வணக்கம் சொல்வதும் இங்கே லேசில் முடியாது. வீடு எப்படி, மாடு எப்படி, பயணம் எப்படி, பிள்ளைகள் எத்தனை என்று வரிசையாகக் கேட்டார்கள். ஒரே பெண் என்றேன்.

"அப்ப நீங்க ஞோன் அப்பாங்ணா" என்றார் சாபி. சுற்றி நின்றவர்கள் எல்லாம் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள். இனி அதுதான் என் பெயராம்.

சாப்பாடு இறங்கவில்லை. மாரப்பன் குழம்பில் காரத்தை அள்ளிக் கொட்டியிருக்கிறான்.

ஏப்ரல் 4

குழம்பில் மிளகாயே போடவில்லை என்று மாரப்பன் சண்டைக்கு வருகிறான்.

ஏப்ரல் 6

முதல் கிணறு. எலுமிச்சம்பழம் கட்டி, சூடம் கொளுத்தி ஆரம்பித்தோம். நூற்று இருபது அடியில் ஒன்றரை இஞ்ச் தண்ணீர். ஊரே வந்து ஆடியது. எங்களுக்கு ஒரு சேவல் கொடுத்தார்கள். மாரப்பன் அதற்குப் பெயர் வைக்கப் பார்த்தான். பெயர் வைத்தால் அப்புறம் அறுக்க முடியாதுடா என்று தடுத்தேன்.

ஏப்ரல் 9

சந்தை நாள். சுற்றிப் பார்த்தேன். இந்தக் கம்யூன் எதில் பிழைக்கிறது என்று சந்தையிலேயே தெரிந்துவிடுகிறது. ஆண்கள் பக்கம் பருத்தியும் முந்திரிக்கொட்டை மூட்டையும். பெண்கள் பக்கம் ஷியாக் கொட்டை, கிழங்கு, புளித்த வாடை அடிக்கும் ஒரு கறுப்பு உருண்டை. மாட்டுக்காரர்கள் தனியாக ஓரமாக நின்று பால்கட்டி விற்கிறார்கள். பருத்தி லாரியில் ஏறித் துறைமுகத்துக்குப் போகிறது, முந்திரியும் அப்படியே. கப்பல் ஏறி எங்கே போகிறது என்று கேட்டேன். "உங்கூருக்குத்தானுங்ணா" என்கிறார் சாபி. இங்கே கிடப்பது அங்கே போகிறது, அங்கே தோண்டுகிறவன் இங்கே வருகிறான்.

ஷியா மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பெண்மணி என்னைப் பிடித்துக்கொண்டார். தலையில் மஞ்சள் துணிக் கட்டு, காலில் ஆண்கள் போடும் பூட்ஸ். பெயர் பாக்கே. தாமகூ கிராமத்துக் கவுன்சிலர், ஷியா வியாபாரி. மோட்டார் சைக்கிளில் மூன்று மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "என் ஊருக்கு எப்ப வருவீங்கன்னு கேக்கறாங்ணா" என்றார் சாபி. வரிசைப்படி வருவோம் என்றேன். அவர் நீளமாக ஏதோ சொன்னார். சாபி சுருக்கமாக, "வரிசையில கடேசியா நின்னவங்க ரொம்ப நாளாக் கடேசியாத்தான் நிக்கிறாங்களாமுங்" என்றார்.

தாமகூவில் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று கட்டி, வெள்ளையடித்து, பூட்டி வைத்திருக்கிறார்களாம். தண்ணீர் இல்லாத இடத்துக்கு நர்ஸ் போட மாட்டார்களாம். தண்ணீர் வந்தால் ஆள் வரும். அதுவரை பிரசவ வலி வந்தால் மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்து இங்கே வர வேண்டும். கொண்டுவருவது பெரும்பாலும் பாக்கேதானாம்.

அப்புறம் சாபியிடம் மேயர் அலுவலகத்தில் பேசச் சொன்னேன். தாமகூவை வரிசையில் முன்னால் தள்ளிவிட்டோம். வழியும் அதுதான் வசதி, வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. மாரப்பன் பாயசம் வைத்தான். முந்திரிக்கொட்டை மலை மாதிரி குவிந்து கிடக்கும் ஊரில் வறுத்த முந்திரிப் பருப்பு கிடைக்கவில்லை. இங்கே உடைக்கிறவர்களே இல்லை. கடைசியில் டவுன் கடையில் ஒரு பொட்டலம் கிடைத்தது. சாபி உறையைத் திருப்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். தமிழ்நாட்டில் பொதிந்தது.

மயிலாத்தாவிடம் பேசினேன். மகள் பிருந்தாவுக்கு இது ஒன்பதாம் மாதம். மே இரண்டாவது வாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மயிலாத்தா அவளைத் தனியாகக் குளிக்கக்கூட விடுவதில்லையாம். ஈரோட்டில் ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே ஒரு மாதத்துக்கு வீடு எடுத்துத் தங்கலாமா என்று கேட்கிறாள். ரொம்பத்தான் பண்ணுகிறாய் என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், போனை வைத்துவிட்டாள்.

வீடு எடுக்கச் சொல்லி மாப்பிள்ளைக்குத் தகவல் அனுப்பினேன்.

ஏப்ரல் 17

நான்காவது கிணறு. நல்ல தண்ணீர். ஊர்ப் பெண்கள் "ஞோன் அப்பா, ஞோன் அப்பா" என்று பாட்டாகவே கட்டிவிட்டார்கள். சாபியிடம், நாச்சிமுத்து என்று கூப்பிடச் சொல்லுங்கள் என்றேன். ஏனுங்ணா என்று கேட்டார். எனக்கு நல்ல பெயர் இருக்கிறதே என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

ஏப்ரல் 21

தாமகூ. இந்த ஊரை எவன் இங்கே கட்டினான் என்று திட்டிக்கொண்டே ஏறினோம். பாறைக் குன்றின் உச்சியில் வீடுகள். கீழே நல்ல சமவெளி, யானைக்கால் மாதிரி அடி தடித்த பெருக்க மரங்கள், ஆறு பக்கத்தில். அதையெல்லாம் விட்டுவிட்டு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்கள் காய்ந்த ஆற்று மணலில் குழி பறித்து, ஊறுகிற தண்ணீரைக் குடுவையால் மொண்டு தலையில் சுமந்து ஏறி வருகிறார்கள்.

சர்வே செய்தவர் இரண்டு இடம் குறித்துக் கொடுத்திருக்கிறார். இரண்டும் மேலே, வீடுகளுக்குப் பக்கத்தில். ஒரு கிராமத்துக்கு இரண்டு முயற்சி, அதுதான் ஒப்பந்தம். இரண்டும் வறண்டால் அடுத்த ஊருக்குப் போய்விட வேண்டும்.

பிரசவ ஆஸ்பத்திரியைப் போய்ப் பார்த்தேன். கதவில் பூட்டு. ஜன்னல் வழியாக ஒரு இரும்புக் கட்டிலும், குழந்தையை நிறுக்கிற தராசும் தெரிந்தன. தராசு பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன் போலிருக்கிறது. மாரப்பன் வந்து கூப்பிட்ட பிறகுதான் நினைவு வந்தது.

ஏப்ரல் 23

புகை.

எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்லுவோம். தண்ணீர் இல்லாத குழியிலிருந்து கல்மாவு புகையாகப் பறக்கும். இருநூற்று அறுபது அடி வரை வெறும் புகை.

ஏப்ரல் 25

இரண்டாவதும் புகை. முன்னூறு அடி போனேன், ஒப்பந்தத்தைவிட அதிகம். துளைக்கிற பிட் பழுத்துப் போனதுதான் மிச்சம். வந்து நின்ற பெண்கள் தலையெல்லாம் வெள்ளை மாவு. கம்ப்ரசரை நிறுத்தியதும் காதில் அடைத்துக்கொண்டது போல ஒரு அமைதி.

கொஞ்ச நேரம் கழித்துப் பாக்கே ஒரு சட்டி நிறைய இடித்த கிழங்குக் களியும் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். தண்ணீர் வந்தால் போடுவதற்கென்று சமைத்ததாம். தண்ணீர் வராததற்காக வீணாக்க முடியுமா என்றாராம். அந்தக் களிக்கு எத்தனை குடம் தண்ணீர் மேலே ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். மாரப்பன் எச்சில் கையோடு எழுந்து போய் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டான். அழுதிருப்பான். நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 26

காலையில் கீழே இறங்கிப் போனேன். முப்பது வருஷமாகப் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கிறேன், கொஞ்சமாவது கண்ணுக்குத் தெரியும். சமவெளியில் பெருக்க மரங்களுக்கு நடுவே பாறை உடைந்து ஒரு கோடு ஓடுகிறது. கோடை முற்றிய இந்த நாளிலும் அங்கே புல் பச்சையாக இருக்கிறது. அங்கே போட்டிருந்தால் வந்திருக்கும். சர்வேக்காரருக்கு இதுகூடத் தெரியாமலா போயிற்று?

பின்னாலேயே பாக்கேயும் சாபியும் வந்துவிட்டார்கள். பாக்கே சொன்னதைச் சாபி சொல்லச் சொல்லக் கேட்டேன்.

இதுதான் பழைய ஊர். வெகுகாலத்துக்கு முன் எல்லாரும் இங்கேதான் இருந்தார்களாம். குதிரைக்காரர்கள் வந்து ஆட்களைப் பிடித்துப் போய் விற்றார்கள். மூன்று முறை வந்தார்கள். மிஞ்சியவர்கள் குதிரை ஏறாத இடமாகப் பார்த்துப் பாறைமேல் ஏறிவிட்டார்கள். அப்புறம் குதிரைகள் போயின, வெள்ளைக்காரன் வந்தான், ரோடு போட ஆள் பிடித்தான், அவனும் போனான். இவர்கள் மட்டும் இறங்கவேயில்லை.

"இங்க மண்ணு வெட்டக்கூடாதுங்களா?" என்று கேட்டேன்.

"வெட்டலாமுங்ணா. ஆனா வெட்டற ஆளு, தான் யாருக்கு அப்பன், யாருக்கு ஆத்தான்னு மண்ணுக்குச் சொல்லோணும். புள்ளைங்களை மூத்ததுல இருந்து வரிசையாச் சொல்லோணும்."

ஏன் என்று கேட்டேன். பாக்கே சிரிக்காமல் பதில் சொன்னார். சாபி மெதுவாகத் தமிழ்ப்படுத்தினார். "அந்தக் குதிரைக்காரனுக யாருக்குமே அப்பனில்லாத மாதிரி நடந்துக்கிட்டானுகளாம். அதுல இருந்து இந்த மண்ணுல கை வெக்கறவங்க சொல்லிட்டுத்தான் வெக்கோணும்னு வெச்சுட்டாங்களாமுங்."

சர்வேக்காரரிடமும் கேட்டிருக்கிறார்கள். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாருக்குப் பிள்ளை என்றாவது சொல் என்றதற்கு, இதற்கெல்லாம் நேரமில்லை என்று கோபித்துக்கொண்டு மேலே போய் இரண்டு குறி வைத்துவிட்டார். அந்த இரண்டு குறியைத்தான் நான் மாய்ந்து மாய்ந்து தோண்டியிருக்கிறேன்.

"நீங்க சொன்னாப் போதுமுங்ணா" என்றார் சாபி. "உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்களே. சுருக்கா முடிஞ்சுரும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 27

முதலாளி போனில், "ரெண்டு போட்டாச்சல்ல, கிளம்பு நாச்சிமுத்து" என்கிறார். மேற்கே மேகம் கட்டுகிறது. ஆற்றைத் தாண்டி இன்னும் ஆறு கிராமம் கிடக்கிறது. கிளம்புவதுதான் நியாயம். அத்தோடு, மண்ணிடம் பேர் சொல்வது, மரத்திடம் ஊர் சொல்வது என்று இதற்கெல்லாம் நமக்கு நேரம் ஏது? மாரப்பனிடம் இதைத்தான் சொன்னேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நாம எலுமிச்சம்பழம் கட்டறமுங். அவீங்க பேர் சொல்லுங்கறாங்க. இதுல என்னுங் மாமா இருக்குது? பிருந்தாக்கா பேரச் சொல்றதுக்கு உங்களுக்கு என்ன வலிக்குது?"

உனக்கு ஒன்றும் தெரியாது, வேலையைப் பார் என்று கத்திவிட்டேன். அவனுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. அவன் பிறப்பதற்கு முன் நடந்தது.

ஏப்ரல் 28

நாலு தூறல். புழுதி அடங்கக்கூட இல்லை.

மத்தியானம் ஒரு பெண்ணைப் பாக்கே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சின்னப் பெண், பிருந்தாவைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். பின்னால் இன்னொருத்தி அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று பேரும் அந்தப் பாறைச் சரிவில் இறங்கினார்கள். வண்டிச் சத்தம் தேயும்வரை ஊரே வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

முதலாளிக்குப் போன் செய்து ஒரு நாள் கேட்டேன். "ஒரே நாளு. அதுக்கு மேல நின்னா ஆத்துல மாட்டிக்குவ, நான் பொறுப்பில்ல" என்றார்.

மாலையில் பாக்கே திரும்பி வந்தார். ஆண் குழந்தையாம், இருவரும் நலமாம். நாளைக் காலையில் மண்ணுக்குச் சொல்கிறேன் என்று சாபியை விட்டுச் சொல்லச் சொன்னேன்.

ஏப்ரல் 29

விடிந்ததும் எல்லாரும் கீழே வந்துவிட்டார்கள். ஊர்த்தலைவர், பெண்கள், முதுகில் கட்டிய குழந்தைகள், மாட்டுக்காரர்கள் இரண்டு குடும்பம். ரிக்கை மரங்களுக்கு நடுவில், பாறை உடைந்த கோட்டின் மேல் நிறுத்தியிருந்தோம். எங்கள் பங்குக்கு எலுமிச்சம்பழம் கட்டியாயிற்று.

பாக்கே செருப்பைக் கழற்றச் சொன்னார். கையில் சுரைக்குடுவையில் தண்ணீர். நான் ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு வாய் தண்ணீர் மண்ணில் ஊற்றுவார். அந்தத் தண்ணீரும் ஆற்று மணலில் ஊறி, தலையில் ஏறி வந்ததுதான்.

"சொல்லுங்ணா" என்றார் சாபி.

"பிருந்தா" என்றேன்.

பாக்கே குடுவையைச் சாய்த்து, "ஞோன்" என்றார். தண்ணீர் இன்னும் மண்ணைத் தொடவில்லை. என்னை அறியாமல் கையை நீட்டிவிட்டேன். அது என் உள்ளங்கையில் விழுந்தது.

"அவ ஞோன் இல்லைங்க" என்றேன்.

சாபிக்கு நான் சொன்னது தமிழாகவே படவில்லை போலிருக்கிறது. "என்னுங்ணா?"

"பிருந்தா ரெண்டாவதுங்க. போனா."

சாபி அதை அவர்கள் பாஷையில் சொன்னார். மாரப்பன் மிஷினை விட்டு இறங்கி வந்துவிட்டான்.

சொன்னேன். முதலில் ஒரு பெண் பிறந்தாள். எட்டு மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பிறந்த அன்று இருந்தாள், மறுநாள் பொழுது சாயும்வரை இருந்தாள். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், பஸ்ஸில், மயிலாத்தா மடியில் முடிந்துபோனாள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மயிலாத்தாவும் நானும்கூட எங்களுக்குள் பேசிக்கொண்டதில்லை. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் ஒன்று என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

பாக்கே கேட்டதைச் சாபி தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்தப் பாப்பா பேரு என்னுங்ணான்னு கேக்கறாங்."

"பேரு இல்லைங்க. நாங்க பதினாறாம் நாள்தான் பேரு வெப்போம். அதுவரைக்கும் அவ இருக்கலை."

இதைச் சாபி சொன்னதும் பாக்கேயின் முகம் மாறியது. விளங்காதவர் மாதிரி திரும்பக் கேட்டார், சாபி திரும்பச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து நேராகவே பேசினார், எனக்குப் பாரிபா தெரியாது என்பதையே மறந்துவிட்டார். சாபி பக்கத்தில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பேரு இல்லைன்னா என்ன அர்த்தம்னு கேக்கறாங்ணா. மொதப் பொண்ணு. அப்ப அவ ஞோன். யாரும் வெக்க வேண்டியதில்லையாமுங். பொறக்கும்போதே அவளே கொண்டாந்துட்டாளாமுங்."

அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை ஊர் பார்க்க அழுதேன், வெட்கமாக இல்லை. ஒரு மாதமாக இந்தக் கம்யூன் முழுக்க, சந்தையிலும் கிணற்றடியிலும், என்னை அவள் அப்பா என்று கூப்பிட்டிருக்கிறது. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டே திரிந்திருக்கிறேன்.

பாக்கே குனிந்து முதலில் ஒரு வாய் ஊற்றினார். "ஞோன்." எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். இன்னொரு வாய். "போனா." அதையும் சொன்னார்கள்.

மாரப்பன் என்னைக் கைத்தாங்கலாகத் தூக்கினான். "மிஷினைப் போடட்டுங்களா மாமா?" என்றான். போடுடா என்றேன்.

ஏப்ரல் 29, மாலை

தொண்ணூறு அடியில் ஈரம். நூற்று முப்பதில் சேறு. நூற்று ஐம்பத்தைந்தில் பாறை வாயைத் திறந்தது. மரத்தின் உயரத்துக்கு எழும்பி, ரிக்கையும் மாரப்பனையும் சேர்த்துக் குளிப்பாட்டியது. மூன்று இஞ்ச் தண்ணீர். இந்தக் கம்யூனில் இதுவரை போட்டதில் இதுதான் பெரியது.

பெண்கள் உடனே கூத்தாடவில்லை. கலங்கல் தெளியும்வரை காத்து நின்றார்கள். பாக்கே ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, தலையிலிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து உயரத் தூக்கினார். அதற்குப் பிறகு யார் யார் மேல் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கணக்கில்லை. ஊர்த்தலைவரையும் விடவில்லை. சாபி ஐந்து வருஷத்தில் கற்றுக்கொண்ட தமிழ்க் கெட்ட வார்த்தைகளை எல்லாம் சந்தோஷமாக உரக்கச் சொல்லிக்கொண்டு ஓடினார்.

மண்ணிடம் சொன்னதால் வந்ததா, பாறை உடைந்த இடத்தில் போட்டதால் வந்ததா என்று மாரப்பன் கேட்கிறான். பாறை உடைந்திருந்ததால்தான் என்றேன். எனக்குத் தெரிந்த தொழில் அது.

ஏப்ரல் 30

ஆற்றைத் தாண்டிவிட்டோம். பின் சக்கரம் நனைந்தது.

மே 6

மயிலாத்தாவிடம் தினமும் பேசுகிறேன். பிருந்தா நன்றாக இருக்கிறாள். ஆஸ்பத்திரி எதிர்வீட்டில் கொசு அதிகமாம். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் எடுப்பேன், அவள் கொசுவைப் பற்றிச் சொல்வாள், நானும் கொசுவைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். பிரசவம் ஆகட்டும்.

மே 9

சந்தையில் பாக்கே. தாமகூவில் கைப்பம்பு நட்டாயிற்று. நர்ஸ் வந்து பூட்டைத் திறந்தாராம். உள்ளே பூரா வௌவால். விரட்டுவதற்கு இரண்டு நாள் ஆயிற்றாம். அந்த வௌவால்களை மேயர் வீட்டு மாமரத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லிக் கண்ணடித்தார்.

ஒரு டப்பா ஷியா வெண்ணெய் கொடுத்தார். பிறக்கப்போகிற குழந்தைக்குத் தேய்க்கவாம். ஊருக்குப் போக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்றேன். குழந்தை எங்கேயும் ஓடிப்போகாது என்றார்.

மே 12

பேத்தி.

விடியற்காலையில் பிறந்திருக்கிறாள். மூன்று கிலோ. பிருந்தா நலம். மாப்பிள்ளை படம் அனுப்பினார். மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு, நான் கணக்குப் பார்க்கும்போது இருக்கிற மாதிரியே இருக்கிறாள் என்கிறான் மாரப்பன்.

மத்தியானம் மயிலாத்தா கூப்பிட்டாள். குழந்தை பால் குடிக்கிறாள், நன்றாக அழுகிறாள், ராசி என்ன, யார் யார் வந்தார்கள் என்று எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நினைப்பில் இருக்கிறோம் என்று எனக்குத் தெரிந்தது. வெளியே வந்து மாமர நிழலில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். தாமகூ, பழைய ஊர், குதிரைக்காரர்கள், கையில் விழுந்த தண்ணீர், பாக்கே சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவளுக்குப் பேரு இருந்திருக்குது புள்ள. ஞோன். மொதப் பொண்ணுன்னு அர்த்தம். இங்க வந்ததுல இருந்து என்னை ஞோன் அப்பான்னுதான் எல்லாரும் கூப்பிடறாங்க."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.

"ஞோன்."

"ஞோன்" என்று சொல்லிப் பார்த்தாள். அவள் நாக்குக்கு அது சரியாகவே வந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நான் எம்மனசுக்குள்ள இத்தனை வருசமும் அவளைக் கூப்பிட்டுட்டுத்தானுங்க இருக்கறேன். பேரு இல்லாம எப்படிங்க கூப்பிடறது? பெரியவளேன்னு கூப்பிடுவேன். பிருந்தாவை ஸ்கூலுக்கு அனுப்பறப்ப, பெரியவ இருந்தா இவ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பாளேன்னு நினைப்பேன். உங்ககிட்டச் சொன்னா நீங்க உடைஞ்சு போயிருவீங்கன்னு சொல்லலைங்க."

பெரியவள். முதல் பெண். அவளும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறாள்.

இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதோம். பிறகு குழந்தை அழுகிறாள் என்று அவள் போய்விட்டாள்.

மே 16

பத்தாவது கிராமம். மழைக்கு முன் வந்துவிட்டோம். ஊர்த்தலைவர் மாமரத்தடியில் பாய் விரித்து உட்கார வைத்தார். வழக்கம் போல வணக்கம் ஆரம்பித்தது. வீடு எப்படி, மாடு எப்படி, பயணம் எப்படி, பிள்ளைகள் எத்தனை.

சாபி பதில் சொல்ல வாயைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நானே விரல் விட்டு எண்ணிக் காட்டினேன்.

"ஞோன். போனா. ரெண்டு பொண்ணுங்க."